இறக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்: இருவர் மட்டும் போகும் முதல் மலைப்பயணம்

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் காரில் போன முதல் மலைப்பயணத்தில், ஏறிய கதையை விட இறங்கிய கதைதான் இன்றுவரை வீட்டில் ஓடுகிறது. இரண்டாம் நாள் மாலை. பாதி மலை இறங்கியிருப்போம். ஏதோ கருகும் நாற்றம்.

"என்னங்க, கருகுற வாசனை வருதே?"

"முன்னாடி போற வண்டியா இருக்கும்."

முன்னால் போன வண்டி ஒரு கிளைச்சாலையில் திரும்பிப் போய்விட்டது. நாற்றம் மட்டும் எங்களோடு வந்தது. அடுத்த வளைவில் அவர் பிரேக்கை மிதித்தபோது, பஞ்சுப் பொதியை மிதித்ததுபோல் பெடல் உள்ளே போயிற்று. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது. எதிரே யாரும் வரவில்லை. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து யாருடைய தவறு என்று சண்டை போட்டோம். உண்மையில் அந்த பிரேக்கைக் கருக்கியது அவருடைய கால் மட்டும் அல்ல. மதியம் கிளம்ப வேண்டியவர்கள், "இன்னும் ஒரே ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாமே" என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதனால் தாமதம், தாமதத்தால் இருட்டும் முன் இறங்கிவிடும் அவசரம், அவசரத்தால் நான்காவது கியர், நான்காவது கியரால் வழியெல்லாம் பிரேக். அன்றிலிருந்து நாங்கள் எந்த மலைப்பயணத்தையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திட்டமிடுகிறோம். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகும்.

சமவெளியில் ஓரளவு நன்றாக ஓட்டுகிற, மலையில் இதுவரை ஓட்டாத இருவருக்காக எழுதுகிறேன். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி கிளப்பத் தெரிய வேண்டும். அது மட்டும் கைவராவிட்டால், ஏதாவது மேம்பாலச் சரிவில் நெரிசல் இல்லாத நேரத்தில் நாலைந்து முறை பழகிவிட்டு வாருங்கள். கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒரு பேருந்து ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பழகும் விஷயமல்ல அது.

1. திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசி வரியில் எழுதுங்கள்: இரண்டாம் நாள், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, மலையடிவாரத்தில் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து மேல்நோக்கிக் கணக்கிடுங்கள்.

இரண்டு மணி நேரம் எதற்கு? மலையில் இருட்டு முன்கூட்டியே வந்துவிடும். நாள்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் போய்விடும். பள்ளத்தாக்கின் சாலை அப்போதே மங்கிவிடும். ஒரு டயர் பஞ்சரானாலோ வழியில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றாலோ போவதும் அந்த இரண்டு மணி நேரத்திலிருந்துதான்.

அடுத்து, இறங்க எவ்வளவு நேரம்? வளைந்து நெளியும் மலைப்பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரி வந்தால் நல்ல வேகம். 60 கிலோமீட்டர் மலைச்சாலை என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். கைபேசி வரைபடம் இதைவிடக் குறைவாகக் காட்டினால், புதியவர்கள் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிப் பின்னோக்கிப் போனால், இரண்டாம் நாள் விடுதியை விட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்ற நேரம் கிடைக்கும். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்திருந்ததை விட முன்னதாக இருக்கும். மனம் கொஞ்சம் வாடும். வாடட்டும், நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

இந்தக் கணக்கு போட்டவுடன் ஒன்று புரிந்துவிடும்: இரண்டு நாளில் மூன்று ஊர் பார்க்க முடியாது. ஒரே ஊர், ஒரே அறை, ஓர் இரவு. ஒரு நாளில் ஓட்டும் நேரம் மொத்தம் ஐந்தாறு மணியைத் தாண்டுகிறதா? அப்படியென்றால் அந்த மலை இரண்டு நாளுக்கானது அல்ல. பக்கத்து மலையைத் தேடுங்கள்.

இரவு தங்கும் இடத்தின் உயரத்தையும் பாருங்கள். 2,500 மீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலோருக்கு உயரத்தால் தொல்லை வராது. கடல் மட்டத்தை ஒட்டி வாழ்பவர்கள் அதற்கு மேலே போய் முதல் இரவே தூங்கினால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி வரலாம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. 3,000 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம். உடம்பு இதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும், வார இறுதிக்கு அந்த வசதி கிடையாது. பகலில் உயரே போய்ப் பார்த்துவிட்டு, இரவு தாழ்வான ஊருக்கு வந்து தூங்குவதுதான் வழி. அறிகுறி தொடங்கிவிட்டால் மேலும் ஏறவே கூடாது. கூடிக்கொண்டே போனால் உடனே இறங்க வேண்டும். இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

2. வண்டியை ஒரு வாரம் முன்பே காட்டுங்கள்

முந்தின நாள் மாலை மெக்கானிக்கிடம் போனால், "ஓடும், போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். குறை கண்டுபிடித்தாலும் சரி செய்ய நேரமிருக்காது. ஒரு வாரம் முன்பே போங்கள்.

முதலில் பிரேக். பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, பலர் மறந்தே போகிற பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் அந்த வெப்பத்தை எட்டினால் ஆயில் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்தினால் அது சக்கரம் வரை அழுத்தத்தைக் கொண்டுபோகும். ஆவிக்குமிழியை அழுத்தினால் அது நசுங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். எங்கள் பெடல் பஞ்சான கதை அதுவே. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால், இப்போது மாற்றிவிடுங்கள்.

டயரில் தேய்மானம், பக்கவாட்டில் வெடிப்பு, காற்று. டயர் பள்ளத்துக்குப் பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், மழை பெய்யும் மலைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டராவது இருந்தால் நிம்மதி. காற்றை வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கே அடியுங்கள். மலைக்கென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். "இருக்கும்" என்பது பதில் அல்ல.

வைப்பர், கூலண்ட், எல்லா விளக்குகளும், ஹாரன். இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

வாடகை வண்டி என்றால், சாவி வாங்கிய உடனே மலைக்கு விடாதீர்கள். அரை மணி நேரம் சமவெளியில் ஓட்டி, பிரேக் எங்கே பிடிக்கிறது, கிளட்ச் எங்கே கடிக்கிறது, மூடுபனி விளக்குக்கு எந்தப் பொத்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் தாழ்ந்த கியரை எப்படிப் பிடித்து வைப்பது என்பதை மட்டும் நிற்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும். சிலவற்றில் எல் (L) என்றும், சிலவற்றில் கூட்டல் கழித்தல் குறியோடும், ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் பி (B) என்றும் இருக்கும்.

3. பையில் கொஞ்சம், கைபேசியில் கொஞ்சம்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடும். அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் 17 டிகிரி பகலிலேயே இருக்கலாம். இரவு இன்னும் குறையும். ஆளுக்கு ஒரு கனத்த கம்பளி போதும் என்று போகாமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் போடக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடைகளாக எடுங்கள். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. என் மூக்கு அதை நம்பாமல் ஒருமுறை தோலுரிந்தது.

தண்ணீர், டார்ச், போர்வை, முதலுதவிப் பெட்டி, நாலைந்து கெட்டியான பிளாஸ்டிக் பை (ஏன் என்று கீழே வரும்), கொஞ்சம் ரொக்கம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. வரைபடம்தான் இல்லாமல் போகும். எந்த வழி, எந்த விடுதி, எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெட்ரோலோ டீசலோ, அடிவாரத்திலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

4. ஓட்டாதவருக்கும் வேலை இருக்கிறது

ஓட்டுபவருக்கு வண்டியைப் பற்றி ஊர் முழுக்க யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இருவர் மட்டும் போகும் பயணத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. சரியாகச் செய்தால் ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்த்தால் போதும். சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சாட்சியாக, அன்று தூங்கிக்கொண்டு வந்த நான் இருக்கிறேன்.

முதல் வேலை, மேல் அடுக்கைப் பார்ப்பது. கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது ஓட்டுபவர் வளைவைத்தான் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் தலையைச் சாய்த்து மேலே பார்த்தால், அடுத்த அடுக்குச் சாலையில் பேருந்தோ லாரியோ இறங்கி வருவது மரங்களுக்கு நடுவே தெரியும். "மேல பஸ் வருது" என்ற மூன்று சொல் போதும். பெரிய வண்டிக்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும். வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று வழிவிட்டுவிடலாம்.

இரண்டாவது, வழி சொல்வது. கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால் பத்தாவது வளைவில் வாந்தி நிச்சயம். நிற்கும் இடத்தில் அடுத்த அரை மணி நேரத்துக்கான வழியைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் குரல் வழிகாட்டி சொல்லட்டும்.

மூன்றாவது, எப்படிச் சொல்வது. "ஏய் பாத்து!" என்ற கத்தலால் எந்தப் பயனும் இல்லை. எதைப் பார்ப்பது, எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓட்டுபவர் பதறுவார், சில சமயம் தேவையில்லாமல் பிரேக்கை அழுத்துவார். பொருளையும் பக்கத்தையும் சொல்லுங்கள்: "இடப்பக்கம் பைக்", "முன்னாடி கல்லு". நாங்கள் ஒரு சொல்லை ஒப்பந்தம் செய்துகொண்டோம். இருவரில் யாருக்குப் பயமாக இருந்தாலும் "ஓரம்" என்று சொன்னால், பாதுகாப்பான அடுத்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி நின்ற பிறகுதான். அது கோழைத்தனமா இல்லையா என்ற விவாதம் வீட்டுக்கு வந்த பிறகு. கடனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, போன வருஷம் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி வண்டி ஓடும்போது பேசுவதில்லை என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. மலையில் தனிமை கிடைத்தவுடன் இதெல்லாம் தானாக வாய்க்கு வரும்!

இனி வாந்தி. உட்காதும் கண்ணும் வெவ்வேறு சேதி சொல்வதால் வருவது அது. வண்டி வளைவதை உட்காது உணர்கிறது. கண்ணோ அசையாத கைபேசியையும் டேஷ்போர்டையும் பார்த்து, அசைவே இல்லை என்கிறது. ஓட்டுபவருக்கு அது பெரும்பாலும் வராததற்குக் காரணம், வளைவு எப்போது வரும் என்று அவர் முன்பே அறிந்திருப்பதுதான். ஆக, வாந்தி வருகிறவரே ஓட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓட்டத் தெரியாவிட்டால் முன் இருக்கை, தூரத்துச் சாலையில் கண், சற்றுத் திறந்த ஜன்னல். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரத்தால் நிறைந்த வயிறும் வேண்டாம். மாத்திரை போடுவதானால் மருந்தாளரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. அந்த மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை, ஓட்டுபவர் தொடக்கூடாது. இதெல்லாம் செய்தும் வந்துவிட்டால், அதற்குத்தான் அந்தப் பிளாஸ்டிக் பை.

இருவருக்கும் உரிமம் இருந்தால் மாறி மாறி ஓட்டுங்கள். ஆனால் மலைப்பாதையின் நடுவில் மாறாதீர்கள், அடிவாரத்தில் மாறிக்கொள்ளலாம். யார் இறக்கத்தை ஓட்டப் போகிறாரோ அவர் முந்தின இரவு நன்றாகத் தூங்க வேண்டும், மது தொடக்கூடாது.

5. ஏறும்போது

விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏற ஏற ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும். பிற்பகலில்தான் மலையில் மழையும் இடியும் அதிகம்.

வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. ஏற்றத்தில் இன்ஜின் திணறத் தொடங்கிய பின் கியர் மாற்றினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பலம் இழக்கும் என்பதால், மேலே போகப் போக வண்டி சோம்பேறியாவது பழுது அல்ல. முந்துவதற்கு அந்தப் பலத்தை நம்பாதீர்கள். வளைவில் முந்தவே வேண்டாம். முன்னால் ஊரும் லாரியின் பின்னால் ஐந்து நிமிடம் போனால் ஐந்து நிமிடம்தான் போகும்.

உங்கள் பின்னால் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி எல்லோரையும் விடுங்கள். இதில் மானம் போவதற்கு எதுவும் இல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பவருக்குப் பயந்து ஓட்டுவதுதான் புதியவர்களை வேகமாக ஓட வைக்கிறது.

ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகல் சாலையில் ஏறுபவருக்கே வழி என்பது பல மலைகளிலும் நடைமுறை. ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம். எதிரில் வருபவருக்கும் இது தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கண் தெரியாத வளைவில் ஹாரன். உங்கள் பாதி சாலைக்குள்ளேயே சக்கரம்.

காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், எதையாவது மெல்லுங்கள். கொண்டுபோன சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்பியிருப்பதும் அதே காற்றழுத்தக் குறைவால்தான்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் இருப்பவர் வளைவில் வண்டி சாயும் பக்கமே கூடச் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவருக்கு வண்டி கட்டுப்படாது. இருவருக்கும் ஹெல்மெட், கையுறை. பைகளைப் பின்னால் உயரமாக அடுக்காமல் தாழ்வாக, இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள்.

6. மூடுபனியில்

ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் பனித்துளிகள் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பி, முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள், முன் வண்டியின் சிவப்பு விளக்கை அல்ல. அவர் பள்ளத்துக்குப் போனால் நீங்களும் கூடப் போவீர்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டர். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆனால் அதற்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். பிரேக் அதன் பிறகுதான் தொடங்கும். 30 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்றால் 40 கிலோமீட்டர் வேகம் அதிகம். இருபதில் போங்கள். அதுவும் முடியாவிட்டால் சாலையை விட்டு முழுக்க விலகிய இடத்தில் நின்று காத்திருங்கள். சாலை மேலேயே நிற்பது ஓடுவதை விட ஆபத்து.

கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். கையால் துடைத்துக்கொண்டே இருந்தால் கறைதான் மிச்சம். ஆவி வெளிப்பக்கம் என்றால் வைப்பர்.

கனமழையில் சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டு கிடந்தாலோ, ஓடை நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, அந்த இடத்தில் நிற்காதீர்கள். மண்சரிவுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

7. மேலே போன பிறகு

இதற்கு வழிகாட்டி எதற்கு! வண்டியை நிறுத்தும் முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட் பிரேக், கூடவே கியர். முன் சக்கரங்களை, வண்டி தவறி உருண்டாலும் மலைப்பக்கம் முட்டி நிற்கும்படி திருப்பி வையுங்கள். படம் எடுப்பதற்காக வளைவில் நிறுத்தாதீர்கள், பாறை விளிம்பில் பின்னோக்கி நடந்து ஒருவரை ஒருவர் படம் எடுக்காதீர்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், மேலே இரவு முழுக்க 100 சதவீதம் ஏற்றிவிட்டு அப்படியே இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுத்து, அந்த ஆற்றலை மின்சாரமாக பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை; அந்த இழுவை குறைந்து, சுமை பிரேக்குக்குப் போய்விடும். பத்து பதினைந்து சதவீதம் காலியாக விட்டு இறங்குங்கள்.

8. இறக்கம்

எவ்வளவு வெப்பம் என்பதை எண்ணில் பார்த்தால்தான் கால் பயப்படும். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 14.7 மெகாஜூல். அதே காரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம் அது. அறை வெப்பத்தில் உள்ள 40 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை நான்கு பிரேக்குகள் மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் நாங்கள் மோந்த அந்த நாற்றம்.

அந்தச் சுமையை இன்ஜினிடம் கொடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. இன்றைய வண்டிகளில் சில சமயம் அதற்கும் ஒன்று குறைவாக வேண்டியிருக்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் உறுமும். அந்த உறுமலைக் கேட்டு மிரள வேண்டாம், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பின் குறைப்பது கடினம்.

பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே வருவது தவறு. வேகம் கூடும்போது உறுதியாக அழுத்தி, தேவையான அளவுக்குக் கீழே கொண்டுவந்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் பிரேக் குளிர்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இங்கே ஒரு வேலை: முன் வண்டிகளைப் பாருங்கள். எந்த வண்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறதோ, அதற்கும் உங்களுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கட்டும்.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்று யாராவது சொல்வார்கள். எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை வந்த பிறகான வண்டிகளில் இது உண்மையும் அல்ல. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் எரியும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை: ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும்.

கருகும் வாசனை வந்தால், முன்னால் போகும் வண்டி என்று எண்ணாதீர்கள். உங்களுடையது என்று வைத்துக்கொண்டு அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். கியரில் வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய இரும்பு திடீரென்று குளிர்ந்தால் கோணும், வெடிக்கும். பெடல் மறுபடி கெட்டியாகிவிட்டதா என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, முன்பைவிடத் தாழ்ந்த கியரில் கிளம்புங்கள். கெட்டியாகவில்லை என்றால் கிளம்பாதீர்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால்: பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், சில சமயம் பிடிப்பு திரும்பும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். ஓடிவரும் வண்டிகளுக்கென்று மணல் போட்ட தப்பிப்புச் சரிவு இருந்தால் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். வேறு வழியே இல்லை என்றால் மலைப்பக்கச் சுவரை உரசி நிறுத்த வேண்டியதுதான். வண்டிக்குத் தகரம் புதிதாக வாங்கலாம்.

அடிவாரம் வந்து முதலில் நிற்கும் இடத்தில் இன்னும் ஒரு சின்ன வேலை. நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். நான்கும் ஏறக்குறைய ஒரே சூடாக, அல்லது முன் இரண்டும் பின் இரண்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது; வீடு போனதும் மெக்கானிக்கிடம் அதைக் காட்டுங்கள். எங்கள் வண்டியில் இது என் வேலை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் முன் நான் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்துவிடுவேன், கையை மட்டும் அல்ல, மூக்கையும் நீட்டிக்கொண்டு.